வாசேப்பூர்: மேலே பழி, கீழே கரி

கேள்வி கேட்டவர் மூன்று விஷயத்தை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். 'கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்' என்ற இந்திப் படம் உண்மைக் கதையா? அது நம் 'சுப்ரமணியபுரம்' படத்தைப் பார்த்துச் செய்ததா? அப்பனைக் கொல்லச் சொன்னவன் யார் என்று தெரிந்தும், அவன் கண்ணெதிரே நடமாடியும், படத்தின் நாயகன் சர்தார் கான் ஏன் அவனை வருடக்கணக்காகச் சுடாமல் விடுகிறான்? மூன்றாவதைப் போகிற போக்கில், ஏதோ திரைக்கதை ஓட்டையைச் சுட்டுவதுபோலக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் சரியான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் சொல்லப் போனாலே மற்ற இரண்டுக்கும் பாதிப் பதில் வந்துவிடும். இரண்டு பாகமும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பதால் முடிவு எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. அனுராக் காஷ்யப் இதை ஒரே படமாகத்தான் எடுத்தார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை இங்கே எந்தத் தியேட்டரும் போடாது என்பதால் இரண்டாக வெட்டினார்கள். 2012 மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் முழுதாகக் காட்டப்பட்டது. இங்கே முதல் பாகம் ஜூன் 22, இரண்டாம் பாகம் ஆகஸ்ட் 8. கதை 1941இல் தொடங்கி 2009இல் முடிகிறது. மூலக்கதையைக் கொண்டுவந்தவர் ஜீஷான் காத்ரி. வாசேப்பூரிலேயே வளர்ந்தவர், எழுத்தாளர்களில் ஒருவர், படத்தில் சர்தாரின் மகன் டெஃபினிட்டாக நடித்தவரும் அவரே. வாசேப்பூர் என்பது ஜார்க்கண்டின் தன்பாத் நகரத்தோடு ஒட்டிக் கிடக்கும் நெருக்கமான குடியிருப்பு. படம் வந்தபோது அங்கிருந்தவர்கள், எங்கள் பகுதியையே ரௌடிப் பேட்டையாகக் காட்டிவிட்டார்கள் என்று எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. அங்கே வாழும் பெரும்பாலானவர்கள் கத்தியையோ துப்பாக்கியையோ தொட்டே இருக்க மாட்டார்கள்.

இப்போது சர்தார் விஷயம். அவன் ஏன் சுடவில்லை என்று கேட்பதற்கு முன்னால், அப்பனைக் கொல்லச் சொன்ன ராமாதீர் சிங் எதை வைத்திருந்தான் என்று பார்க்க வேண்டும். தன்பாத் மாவட்டத்தில் இருப்பது ஜரியா நிலக்கரிப் படுகை. எஃகு ஆலைகளின் ஊதுலைக்குத் தேவையான உயர்தர கோக்கிங் கரிக்கு இந்தியாவில் முதலிடம் அதற்குத்தான். 1971 வரை அந்தச் சுரங்கங்கள் தனியார் கையில் இருந்தன. முதலாளிக்கு ஆள் பிடித்துத் தருவது ஒப்பந்தக்காரன். பிடித்த ஆட்கள் ஓடிப் போகாமல், சங்கம் வைக்காமல், கூலி உயர்வு கேட்காமல் பார்த்துக்கொள்வது 'பெஹல்வான்', அதாவது பயில்வான். இந்தப் பயில்வான் வேலைக்கு பிகாரின் ஆரா, சப்ரா பக்கமிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் பலியா பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதி ஆதிவாசிகளும் தலித்துகளும். சம்பள நாளன்று வாசலில் வட்டிக்காரன் நிற்பான். அவனும் பயில்வானின் ஆளாகவே இருப்பான். கூலி ஒரு கையில் வந்து மறு கையில் போய்விடும். படத்தில் சர்தாரின் அப்பன் ஷாஹித் கான் முதலில் கரி வெட்டும் கூலியாக வந்து, அப்புறம் ராமாதீரின் பயில்வானாக மாறுவதைக் காட்டுவார்கள் இல்லையா? அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருக்கும் ஏற்பாடு கற்பனை இல்லை. ஆள் கற்பனை, வேலை நிஜம்.

1971 அக்டோபரில் கோக்கிங் கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை மத்திய அரசு கையில் எடுத்தது. 1972 மே 1 முதல் தேசியமயம். மற்றச் சுரங்கங்கள் 1973இல். தன்பாத்துக்குப் 'பாரத் கோக்கிங் கோல்' என்ற அரசு நிறுவனம் வந்தது. 1975இல் அரசுச் சுரங்கங்களுக்கெல்லாம் தாய் நிறுவனமாகக் கோல் இந்தியா. இதோடு முதலாளி போனான், கொள்ளை நின்றது என்று நினைப்போம். நடந்தது வேறு. சுரங்கத்தில் வேலை பார்த்தவன் ஒவ்வொருவனும் அரசு ஊழியன் ஆகப் போகிறான் என்றால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதே சொத்தாகிவிடும். வருடக்கணக்காக வெட்டியவன் பெயர் அடிபட்டுப் போய், பயில்வானின் ஊர்க்காரன் பெயர் உள்ளே ஏறியது. பழைய பயில்வான்கள் தொழிற்சங்கத் தலைவர்களானார்கள். சங்கத் தலைவர்களில் சிலர் சட்டமன்றத்துக்குப் போனார்கள். முன்பு தனி முதலாளியிடம் கை நீட்டியவர்கள் இப்போது அரசாங்கத்தின் ஒப்பந்தங்களில் கைவைத்தார்கள். 'கோல் மாஃபியா' என்ற சொல் செய்தித்தாள்களில் புழங்கத் தொடங்கியதும் எழுபதுகளில் இந்தக் கட்டத்தில்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரே ஒரு உதாரணத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்: மணல். நிலத்தடியில் கரியை வெட்டி எடுத்த இடம் வெற்றாக நிற்கும். மேலே வீடு, ரயில் பாதை, ரோடு எல்லாம் இருக்கிறது. அந்த வெற்றிடம் இடிந்து உள்வாங்காமல் இருக்கவும், காற்றுப் புகுந்து மிச்சக் கரி தீப்பிடிக்காமல் இருக்கவும், ஆற்று மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக உள்ளே இறக்கி நிரப்ப வேண்டும். தாமோதர் நதியிலிருந்து மணல் அள்ளிக் கொண்டுவர ஒப்பந்தம் விடுவார்கள். நூறு லாரிக்கு பில் போட்டு நாற்பது லாரி கொட்டினால் என்ன ஆகும்? மேலே நிற்பவனுக்குத் தெரியாது. உள்ளே இறங்கி அளக்க வேண்டிய மேற்பார்வையாளருக்கும் வீடு, குடும்பம் இருக்கிறது. வாசலில் பயில்வான் நிற்கிறான். கையெழுத்துப் போட்டுவிடுவார். திருட்டுக்கான தடயம் பூமிக்கடியில் இருக்கிறது. அது வெளியே தெரிவது பல வருடம் கழித்து ஒரு தெரு விரிசல் விட்டு உள்ளே போகும்போது. ஜரியாவில் நிலத்தடித் தீ 1916 முதல் எரிகிறது என்பதால், ஒரு வீடு இறங்கினால் அது பழைய தீயாலா, கொட்டாத மணலாலா என்று சொல்லி வழக்கும் போட முடியாது. நூறு, நாற்பது என்பது விளக்கத்துக்காகச் சொன்ன எண்கள்தான், முறை அதுதான்.

இதே போலத்தான் மற்றவையும். லாரியில் ஏற்றும் கூலி ஒப்பந்தம், உயர் தரம் என்று எழுதித் தாழ்ந்த தரத்தை அனுப்புவது, எடைக்குக் கல்லைக் கலப்பது, ஏலத்தில் எதிராளியை வரவிடாமல் சிண்டிகேட் போடுவது, பழைய இரும்பு ஏலம், 'ரங்தாரி' என்ற மாமூல். கீழ்மட்டத்தில் சைக்கிள்காரர்கள். ஒரு சைக்கிளில் இருநூறு கிலோவுக்கு மேல் கரி மூட்டைகளைக் கட்டி, ஏறி மிதிக்க முடியாமல் மேட்டில் தள்ளிக்கொண்டே போவார்கள். வழியில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் அவர்கள் அழ வேண்டும். படம் இந்தக் கடைசி ஆளைக் கிட்டத்தட்டப் பார்க்கவே இல்லை. அதை நான் குறையாகவே சொல்வேன். தன்பாத் பற்றி ஐந்து மணி நேரம் ஓடும் படத்தில் கரி வெட்டுகிறவன் முதல் அரை மணி நேரத்தோடு காணாமல் போகிறான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சர்தாரைப் பாருங்கள். ராமாதீரைச் சுட்டால் ஒரு கிழவன் சாவான், அவ்வளவுதான். அவன் மகன் ஜே.பி. அனுதாபத்தில் ஜெயிப்பான், போலீஸ் முழுக்க சர்தார் மேல் விழும், ஒப்பந்தம் எதுவும் இவன் கைக்கு வராது. அதனால் அவன் வருமானம் வரும் வாசல்களில் ஒவ்வொன்றாகக் கைவைக்கிறான். ராமாதீர் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும், தினம் கொஞ்சம் குறைய வேண்டும். சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன் என்று அவன் கர்வத்தோடு பேசுவதன் அர்த்தம் இதுதான். ஆரம்பத்தில் மொட்டை போட்டுக்கொண்டு பழி தீரும்வரை முடி வளர்க்க மாட்டேன் என்று சபதம் செய்கிறவன், இடையில் இரண்டு மனைவிகள், பிள்ளைகள், வருமானம், ஊரில் பேர் என்று சுகமாகவே வாழ்கிறான். சபதம் அவனுக்குப் பெயர்ப்பலகை மாதிரி. கடையை நடத்துவது வேறு. மனோஜ் பாஜ்பாய் அந்தப் பாத்திரத்தைச் சிரிப்பும் சபலமுமாக நடித்ததை, பழிவாங்கும் கதைக்குப் பொருந்தவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சபலம்தான் பொருத்தமாகப் படுகிறது. சாகும் நாளில் அவன் ஊருக்குள் தனியாகக் கார் ஓட்டிப் போய் பெட்ரோல் பங்கில் நிற்கிறான் என்றால், பழியுணர்ச்சியில் கருகிக்கொண்டிருப்பவன் அப்படிப் போக மாட்டான்.

ராமாதீரும் அதே கணக்கில்தான் சர்தாரை விட்டு வைக்கிறான். வாசேப்பூரின் குரேஷிகளும் சர்தாரின் பட்டாணியர்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கும்வரை கரிக்கு யாரும் வர மாட்டார்கள். திக்மான்ஷு தூலியா அந்த வேடத்தில் குரலை உயர்த்துவதே அபூர்வம். ஊரில் எல்லோரும் மனசுக்குள் ஒரு சினிமாவை ஓட்டிக்கொண்டு தன்னை அதன் ஹீரோவாக நினைக்கிறார்கள், நான் சினிமா பார்ப்பதில்லை, அதனால்தான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறேன் என்று அவன் சொல்லும் இடம் படத்திலேயே கூர்மையான விமர்சனம். எதிர்ப்பக்கம் சர்தாரின் மகன் ஃபைசல் அமிதாப் படம் பார்த்துக் கஞ்சா புகையில் கிடக்கிறான்.

உண்மைக் கதையா என்ற கேள்விக்கு வருவோம். தொழில் அமைப்பு, தேசியமயத்தின் விளைவு, சங்க அரசியல், வாசேப்பூரில் நடந்த கோஷ்டிக் கொலைகள் ஆகியவற்றுக்கு நிஜ அடிப்படை உண்டு. சம்பவங்களை அப்படியே நம்பக் கூடாது. தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாற்பதுகளில் வாசேப்பூரில் சுல்தானா டாக்கு என்ற பெயரில் ஒரு குரேஷி ரயிலைக் கொள்ளையடிப்பதாகவும், ஷாஹித் கான் அதே பெயரைத் திருடிக்கொள்வதாகவும் வருகிறது. நிஜ சுல்தானா ஐக்கிய மாகாணத்தின் (இன்றைய உத்தரப் பிரதேசம்) நஜீபாபாத் பக்கத்துப் பாந்து சமூகத்து ஆள், 1924இலேயே தூக்கிலிடப்பட்டுவிட்டான். செத்துப் பதினேழு வருடம் ஆனவனின் பெயர் தன்பாத்தில் ரயில் மறிப்பது முழுக்கப் புனைவு. ஆனால் நல்ல புனைவு. ஒருவனுடைய பேரைத் திருடித் தொழில் செய்வதுதான் படம் நெடுக நடக்கிறது.

இன்னொரு சறுக்கல் நிர்வாக வரலாற்றில். வாசேப்பூர் வங்காளத்தில் இருந்து சுதந்திரத்துக்குப் பிறகு பிகாருக்கு வந்ததுபோலப் படம் சொல்கிறது. தன்பாத் அன்றைய மான்பூம் மாவட்டத்தில் இருந்தது. மான்பூம் 1912இலேயே வங்காளத்திலிருந்து பிரிந்த பிகார்-ஒரிசா மாகாணத்துக்குப் போய்விட்டது. 1956இல் மான்பூம் உடைந்து புருலியா பகுதி மேற்கு வங்கத்துக்குப் போனது, தன்பாத் பிகாரிலேயே தனி மாவட்டமாக நின்றது. 2000 நவம்பர் 15 முதல் ஜார்க்கண்ட். மொழியிலும் இப்படித்தான். தன்பாத் பகுதியின் நாட்டு மொழி கோர்த்தா. படத்தில் காதில் விழுவது பொதுவான பிகாரி வாடை அடிக்கும் இந்தி. இந்தி ரசிகனுக்குப் புரிய வேண்டுமே. படப்பிடிப்பின் பெரும்பகுதியும் காசி, சுனார் என்று உத்தரப் பிரதேசத்துப் பக்கம் நடந்ததால், நீங்கள் பார்க்கும் சந்துகள் பலவும் வாசேப்பூர்ச் சந்துகள் கிடையாது.

எந்தப் பாத்திரம் எந்த நிஜ ஆள் என்று ஒரு பட்டியல் நெடுநாளாகச் சுற்றுகிறது. அதை நம்பிப் பேச வேண்டாம் என்றே சொல்வேன். ஒரே பாத்திரத்தில் இரண்டு மூன்று ஆட்களின் வாழ்க்கையைக் குழைத்திருக்கிறார்கள். நிஜத்தில் வழக்கு, தண்டனை, மேல்முறையீடு என்று போனவற்றைப் படத்தின் கொலைகளோடு பொருத்தி 'இவர்தான் அவர்' என்று எழுதுவது, செய்யாத கொலையை ஒருவர் தலையில் கட்டுவதில் போய் முடியும். நான் இங்கே பெயர் எதுவும் போடாததற்குக் காரணமும் அதுதான்.

'சுப்ரமணியபுரம்' விஷயத்தில் குழப்பமே தேவையில்லை. இயக்குநரே படத்தின் தொடக்கத்தில் நன்றி போட்டிருக்கிறார். பாலா, அமீர், சசிகுமார் மூவரையும் 'மதுரை மூவர்' என்று குறிப்பிட்டு, தன் வேர்களுக்குத் திரும்பத் தூண்டியவர்கள் என்கிறார். இந்தியில் ஒருவர் தமிழ்ச் சினிமாவுக்கு இப்படி வெளிப்படையாகக் கடன் ஒப்புக்கொண்டது அபூர்வம். ஆனால் காப்பி என்று சொல்ல வழியில்லை. 'சுப்ரமணியபுரம்' 2008இல் வந்தது. கதை 1980இல், சில மாதங்களுக்குள் முடிகிறது: வேலையில்லாத பையன்கள், கட்சிப் பதவி கிடைக்காத குடும்பம், அந்தக் குடும்பத்துக்காக ஒரு கொலை, பிறகு கைவிடல், துரோகம். அங்கே கதையை ஓட்டுவது பணம் இல்லை. பாசத்துக்குக் கொன்றுவிட்டு, நம்பியவர்களாலேயே சாகிறார்கள். வாசேப்பூர் மூன்று தலைமுறை, தொழில், சொத்து. எலும்புக்கூடே வேறு.

எடுத்துக்கொண்டது எதை என்றால், மூன்றைச் சொல்லலாம். முதலாவது, ஊரைப் பின்னணியாக வைக்காமல் ஊரின் பழக்கவழக்கத்திலிருந்தே காட்சியைப் பிடிப்பது. இரண்டாவது, காலத்தைத் தேதியால் மட்டும் சொல்லாமல் சினிமாவாலும் சொல்வது: மதுரையில் 'முரட்டுக்காளை' ஓடும் தியேட்டர், தன்பாத்தில் 'திரிசூல்' ஓடும் தியேட்டர். மூன்றாவதும் முக்கியமானதும், கொலையை அவலட்சணமாகக் காட்டுவது. சுப்ரமணியபுரத்துப் பையன்களுக்கு வெட்டத் தெரியாது. மூச்சு வாங்கும், கால் வழுக்கும், வெட்டுப்பட்டவன் உடனே சாக மாட்டான். வாசேப்பூரிலும் டெஃபினிட், ஃபைசலின் பழைய கூட்டாளி ஷம்ஷாத்தைச் சுடப் போகும்போது துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடக்கும் துரத்தல் பாதி பயம், பாதி கோமாளித்தனம். உள்ளூர்ப் பட்டறையில் அடித்த 'கட்டா' எனப்படும் நாட்டுத் துப்பாக்கி இயல்பிலேயே ஒரு தடவை சுடும் சாமான். உள்குழலில் வரி இருக்காது, குறி பத்தடி தாண்டினால் சந்தேகம், சில சமயம் சுடுகிறவன் கையிலேயே வெடிக்கும். அதை வைத்துக்கொண்டு ஸ்டைலாகச் சண்டை போட முடியாது என்பது சினிமாக்காரருக்கு வசதியில்லாத உண்மை. பெரும்பாலான இடங்களில் காஷ்யப் அதை மதித்திருக்கிறார். கடைசியில் ஆஸ்பத்திரியில் ராமாதீரை ஃபைசல் சல்லடையாகத் துளைக்கும் காட்சியில் மட்டும் கட்டுப்பாடு போய்விட்டது. அத்தனை தோட்டா, அத்தனை மெதுவோட்டம் எதற்கு? சினிமா பைத்தியமான ஃபைசலின் தலைக்குள் ஓடும் படம் அது என்று சமாதானம் சொல்லலாம். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

தமிழ், மலையாளக் கைகளும் படத்தில் நேரடியாக உண்டு. பின்னணி இசை ஜி.வி.பிரகாஷ் குமார். சர்தாரின் இரண்டாவது மனைவி துர்காவாக வருவது 'மின்னலே' ரீமா சென். ஒளிப்பதிவு ராஜீவ் ரவி; அவரே பிறகு மலையாளத்தில் 'கம்மட்டிப்பாடம்' இயக்கினார், அதுவும் நிலமும் அடியாட்களும் பற்றியது. பாடல்கள் ஸ்நேகா கான்வல்கர். 'ஹன்டர்' பாட்டுக்காக அவர் டிரினிடாட் வரை போனார். பிகார், உத்தரப் பிரதேசப் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள் அங்கே வளர்த்த 'சட்னி' இசை அது. கூலிக்காகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பாட்டு, கூலிக்காரன் மகன் ரௌடியாகும் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் இரண்டு பாகத்தையும் ஒரே நாளில் பாருங்கள். இடைவெளி விட்டால் யார் யாருக்கு மகன் என்பது மறந்துவிடும், அதோடு படமும் போய்விடும். ஆரம்பத்தில் டிவியில் மாமியார் மருமகள் சீரியல் ஓட, ஃபைசல் வீட்டின் மேல் குண்டு மழை பொழிகிறதே, அது 2004 ஜனவரி. அதன் மிச்சம் இரண்டாம் பாகத்தின் பின்பாதியில்தான் வரும். ஒவ்வொரு பத்து வருடத்திலும் யார் யாரைக் கொன்றார்கள் என்று எண்ணாமல், எந்தத் தொழில் யார் கைக்கு மாறியது என்று மட்டும் கவனியுங்கள்: கரி, பெட்ரோல், பழைய இரும்பு, கடைசியில் தேர்தல். துர்காவையும் விட்டுவிடாதீர்கள். சர்தார் புறப்பட்டுவிட்டான் என்று எதிரிக்குத் தகவல் போவது அவளிடமிருந்து. அவள் மகன் டெஃபினிட் அண்ணன் ஃபைசலோடு கடைசிவரை நின்று, ராமாதீர் செத்த பிறகு, ஜே.பி.யோடு பேசி முடித்துவிட்டு, கைவிலங்கோடு போலீஸ் வண்டியில் இருக்கும் அண்ணனைச் சுடுகிறான். அதை அம்மாவுக்காக எடுத்த பழி என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜே.பி. அந்த இடத்தில் என்ன லாபத்துக்கு நிற்கிறான் என்று பார்த்தால் அது வியாபாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்பன் சாகும்வரை காத்திருந்த மகனும், அண்ணன் ஜெயிக்கும்வரை காத்திருந்த தம்பியும் போட்ட கூட்டு. வாசேப்பூர்க்காரரே எழுதிய கதையில் அந்தக் கடைசித் துப்பாக்கி, டெஃபினிட்டாக நடித்த அவர் கையிலேயே இருக்கிறது.